டேட்டாபேஸ் மாற்றப் போகிறீர்களா? கணக்கு ஒத்துப்போகிறதா பாருங்கள்!

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. என் மாமாவின் மளிகை மொத்தக் கடைக்கு, பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கையில் ரசீதுடன் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, 4,860 ரூபாய் பாக்கின்னு உங்க பையன் வந்து கேட்டுட்டுப் போறான். கொடுத்து பன்னிரண்டு நாள் ஆச்சு. கடையில நாலு பேர் நிக்கும்போது கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

மாமா ரசீதைப் பார்த்தார். பிறகு கல்லாவுக்கு அடியில் இருந்த சிட்டையை எடுத்துப் புரட்டினார். பணம் வந்தது அவர் கையெழுத்திலேயே இருந்தது. "தப்பு எங்க மேலதான் தங்கச்சி" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வை போதும். ஏனென்றால், அதற்கு முந்தைய வாரம்தான் கடையின் பில்லிங் புரோகிராமை மைக்ரோசாப்ட் அக்சஸிலிருந்து மரியாடிபி என்ற வேறு டேட்டாபேஸுக்கு நான் மாற்றியிருந்தேன். ஒரு ரெக்கார்ட் கூட தொலையாமல் மாற்றிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லியும் இருந்தேன்.

உண்மையிலேயே ஒரு ரெக்கார்ட் கூட தொலையவில்லை. ஆனாலும், பணம் கொடுத்தவரிடம் போய் மறுபடியும் பணம் கேட்டது அந்தப் புரோகிராம். இது எப்படி நடந்தது? நீங்கள் இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? இதனைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் கவலைப்பட வேண்டாம். அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

டேட்டாபேஸ் என்றால் என்ன?

தகவல்களை ஒழுங்காக அடுக்கி வைத்து, வேண்டும்போது தேடி எடுக்க உதவும் ஏற்பாடுதான் டேட்டாபேஸ். கடையில் வாடிக்கையாளர் பெயர்களுக்கு ஒரு நோட்டு, சரக்குகளுக்கு ஒரு நோட்டு, பில்களுக்கு ஒரு நோட்டு வைத்திருப்பார்கள் அல்லவா? கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நோட்டும் ஒரு டேபிள். நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்ட். பெயர், ஊர், தொகை என்று கோடு போட்டுப் பிரித்திருக்கும் ஒவ்வொரு பத்தியும் ஒரு பீல்ட். "யார் யார் எவ்வளவு பாக்கி?" என்பது போல நாம் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு குவெரி என்று பெயர்.

பில் நோட்டில் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் முழு முகவரியை எழுதுவதில்லை. அவருடைய எண்ணை மட்டும் எழுதினால் போதும். அந்த எண்ணைக் கொண்டு வாடிக்கையாளர் டேபிளிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்ளலாம். இப்படி டேபிள்களுக்கு இடையே உறவு வைத்து இயங்கும் இவற்றை ரிலேஷனல் டேட்டாபேஸ் என்கிறோம். இதற்கான அடிப்படைக் கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அக்சஸ், ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

அக்சஸை ஏன் விட்டோம்?

மாமாவின் புரோகிராம் 2004-ல் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். பதின்மூன்று ஆண்டுகள் அது நன்றாகவே வேலை பார்த்தது. எனவே அக்சஸ் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். 1992-ல் வெளிவந்த நாளிலிருந்து எத்தனையோ சிறு கடைகளும் அலுவலகங்களும் அதை நம்பி நடந்திருக்கின்றன. எங்கள் பிரச்னை வேறு.

முதலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பிறகு மூன்றாகி, மூன்றும் நெட்வொர்க்கில் இணைந்தன. அக்சஸில் எல்லாத் தகவலும் ஒரே பைலில் இருக்கும். மூன்று கம்ப்யூட்டர்களும் அந்த ஒரு பைலைத் திறந்து எழுதும். அலமாரியில் உள்ள ஒரே பேரேட்டை மூன்று பேர் தாங்களாகவே எடுத்து எழுதுவது போன்றது இது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதி எழுதிய பக்கத்தோடு பேரேடு நின்றுவிடும். அடுத்த நாள் பைல் திறக்காது. ரிப்பேர் வசதியைப் பயன்படுத்தி மீட்க வேண்டியிருக்கும். எங்கள் ஊர் மின்வெட்டில் இது அடிக்கடி நடந்தது.

மரியாடிபி, மைஎஸ்க்யூஎல் போன்றவை சர்வர் முறையில் இயங்குபவை. இங்கு பேரேட்டை யாரும் தொட முடியாது. கணக்குப்பிள்ளை ஒருவர் அமர்ந்திருப்பார். மூன்று பேரும் அவரிடம் சொல்ல வேண்டும்; எழுதுவதும் எடுத்துச் சொல்வதும் அவர் மட்டுமே. பில் எழுதி சரக்கைக் கழிப்பது போன்ற இரட்டை வேலையில், பாதியில் மின்சாரம் போனால் அந்த வேலை முழுவதையுமே நடக்காததாக ஆக்கிவிடுவார். இதற்கு டிரான்சாக்ஷன் என்று பெயர். இந்த வசதி வேண்டுமென்றால் டேபிள் அமைக்கும்போது இன்னோடிபி என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு காரணம், 2017 ஜூலை 1-ல் வந்த ஜி.எஸ்.டி. பொருளுக்குப் பொருள் மாறும் வரி விகிதத்தைப் பழைய புரோகிராமில் சேர்க்க முடியவில்லை. புரோகிராமையே புதிதாக எழுத வேண்டிய நிலையில், டேட்டாபேஸையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மரியாடிபியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. இது இலவசம். சாம்ப் என்ற தொகுப்பை இறக்கி நிறுவினால், மரியாடிபியும் அதனைக் கையாள பிஎச்பி மைஅட்மின் என்ற திரையும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு சுவையான தகவல்: மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்டி விடேனியஸ், மூத்த மகள் மை பெயரை அதற்கு வைத்தார். மைஎஸ்க்யூஎல் பிறகு சன் நிறுவனத்திடம் சென்று, 2010-ல் சன் நிறுவனத்தோடு ஆரக்கிளின் கைக்குப் போனது. அதிலிருந்து பிரித்து அவர் தொடங்கிய புதிய டேட்டாபேஸுக்கு இளைய மகள் மரியாவின் பெயர். அதுதான் மரியாடிபி.

ஒரே மொழி, வேறு வழக்கு

டேட்டாபேஸ்களிடம் நாம் பேசும் மொழி எஸ்.க்யூ.எல். 1986-லேயே இதற்குப் பொதுத் தரம் வகுத்துவிட்டார்கள். அப்படியானால் ஒரு டேட்டாபேஸுக்கு எழுதிய குவெரி இன்னொன்றிலும் ஓட வேண்டும் அல்லவா? அங்குதான் சிக்கல். ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கேற்பச் சொற்களையும் குறிகளையும் சேர்த்துக்கொண்டது. நம் வட்டார வழக்குகள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர் "அவரோடு கதைத்தேன்" என்றால் பேசினேன் என்று பொருள். நம் ஊரில் அதைக் கேட்பவர், ஏதோ கதை சொன்னார் போலும் என்று நினைத்துக்கொள்வார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சொன்னது புரியாவிட்டால் "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்பார், ஆபத்தில்லை. தவறாகப் புரிந்துகொண்டு தலையாட்டினால்தான் ஆபத்து. டேட்டாபேஸும் அப்படியே. புரியாத குவெரிக்குப் பிழைச் செய்தி தரும், உடனே திருத்திவிடலாம். தவறாகப் புரிந்துகொண்ட குவெரிக்கு எந்தச் செய்தியும் வராது. தவறான பதில் மட்டும் அழகாக பிரிண்ட் ஆகி வரும்.

அந்த அம்மாவுக்கு நடந்தது

அக்சஸில் ஆம், இல்லை என்று பதில் வைக்கும் பீல்ட் உண்டு. எங்கள் பில் டேபிளில் "பணம் வந்தது" என்று அப்படி ஒரு பீல்ட் இருந்தது. அக்சஸ் "ஆம்" என்பதை -1 என்று வைத்துக்கொள்ளும். "இல்லை" என்றால் 0. மரியாடிபியிலோ "ஆம்" என்பது 1. டேட்டாவை மாற்றும்போது இதனைக் கவனித்து, புதிய டேபிளில் 1, 0 என்று சரியாகவே ஏற்றினேன்.

ஆனால் பாக்கி லிஸ்ட் எடுக்கும் பழைய குவெரி என்ன சொன்னது தெரியுமா? "பணம் வந்தது என்ற பீல்டில் -1 இல்லாத பில்களை எல்லாம் எடு" என்றது. அதை அப்படியே புதிய புரோகிராமுக்குக் கொண்டுவந்திருந்தேன். புதிய டேபிளில் -1 என்று எதுவுமே கிடையாது. எனவே கடந்த 30 நாள் பில் அனைத்தும், பணம் கொடுத்தது கொடுக்காதது என்ற வேறுபாடின்றி, பாக்கி லிஸ்டில் வந்துவிட்டன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. லைனுக்குப் போகும் பையன் கடை கடையாகத்தான் லிஸ்டைப் பார்ப்பான். மொத்தத்தை ஏன் பார்க்கப் போகிறான்?

நான் செய்த சோதனை ஒன்றே ஒன்று: பழைய டேபிளில் எத்தனை ரெக்கார்ட், புதிய டேபிளில் எத்தனை ரெக்கார்ட் என்று எண்ணினேன். சரியாக இருந்தது. அதோடு திருப்தி அடைந்துவிட்டேன். பாக்கி லிஸ்டின் மொத்தத் தொகையைப் பழையதோடு ஒரு முறை ஒப்பிட்டிருந்தால் 5 நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சத்தமில்லாமல் கவிழ்க்கும் மற்ற வேறுபாடுகள்

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு பழைய புரோகிராமுக்கே திரும்பினோம். ஒவ்வொரு குவெரியாக எடுத்து அலசினேன். அக்சஸிலிருந்து மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபிக்கு மாறும் எவருக்கும் இவை வரக்கூடியவை என்பதால் வரிசையாகத் தருகிறேன்.

1. தேடல் குறி: "முரு" என்று தொடங்கும் பெயர்களைத் தேட, அக்சஸில் வழக்கமாக முரு* என்று நட்சத்திரக் குறி கொடுப்போம். மரியாடிபியில் முரு% என்று கொடுக்க வேண்டும். நட்சத்திரத்தைக் கொடுத்தால் பிழை வராது. பெயரிலேயே நட்சத்திரம் இருக்கிறதா என்று தேடிவிட்டு, "யாரும் இல்லை" என்று சொல்லிவிடும்.

2. சொற்களை இணைத்தல்: அக்சஸில் & குறியைக் கொண்டு பெயரையும் ஊரையும் சேர்க்கலாம். மரியாடிபியில் அந்தக் குறி எண்களுக்கான வேறொரு கணக்கைக் குறிக்கும். இரண்டு பெயர்களை அப்படிச் சேர்த்தால் விடை 0 என்று வரும். கான்கேட் என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. சேர்க்கும் பீல்டுகளில் ஒன்று எதுவுமே நிரப்பப்படாமல் நல் என்ற நிலையில் இருந்தால், விடை முழுவதும் காலியாகிவிடும். கதவு எண் இல்லாத வாடிக்கையாளருக்கு முகவரியே அச்சாகாது.

3. தேதி: அக்சஸ் குவெரியில் தேதியை # குறிகளுக்கு நடுவே, மாதத்தை முதலில் வைத்து எழுத வேண்டும். மரியாடிபியில் 2018-05-04 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. நாமோ 04/05/2018 என்றால் மே 4 என்று படிப்போம். அமெரிக்க முறையில் அது ஏப்ரல் 5. 12-ம் தேதி வரை உள்ள எல்லா நாளும் இப்படிக் குழம்பலாம். எனவே அக்சஸிலிருந்து வெளியே எடுக்கும்போதே ஆண்டு முதலில் வரும்படி மாற்றிவிட்டு எடுங்கள்.

4. பணம்: அக்சஸில் கரன்சி என்று தனி வகை இருக்கிறது. மரியாடிபியில் அந்தப் பெயரில் வகை இல்லை என்பதால், பலர் ஃப்ளோட் என்ற வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது தவறு. ஃப்ளோட் ஏறத்தாழ மதிப்பை மட்டுமே வைத்துக்கொள்ளும். 1,23,456.78 என்று ஏற்றினால் திரையில் 123457 என்று காட்டும். பணத்துக்கு எப்போதும் டெசிமல் வகையையே தேர்ந்தெடுத்து, புள்ளிக்குப் பின் 2 இடம் என்று குறிப்பிடுங்கள்.

5. முழு ரூபாயாக்குதல்: இது என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. சில பில்களில் மட்டும் பழையதற்கும் புதியதற்கும் 1 ரூபாய் வித்தியாசம். காரணம் ரவுண்ட் என்ற கட்டளை. 102.50 என்ற தொகையை அக்சஸ் 102 ஆக்குகிறது. மரியாடிபி, தொகை டெசிமல் வகையில் இருந்தால், 103 ஆக்குகிறது. 103.50 என்றால் இரண்டுமே 104 என்கின்றன. சரிபாதியாக வரும்போது அக்சஸ் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும்; மரியாடிபி எப்போதும் மேலே போகும். இரண்டுமே ஏற்கப்பட்ட முறைகள்தான். ஆனால் கடை எந்த முறையில் கணக்கு வைத்ததோ அதைத் தொடர வேண்டும், அல்லது எந்தத் தேதியிலிருந்து மாற்றுகிறோம் என்று கணக்குப் பார்ப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

6. அநாதை ரெக்கார்டுகள்: எங்கள் டேபிளில் 17 பில்களுக்கு உரிய வாடிக்கையாளரே இல்லை. யாரோ ஒரு காலத்தில் வாடிக்கையாளரை நீக்கிவிட்டு பில்லை விட்டுவைத்திருக்கிறார்கள். டேபிள்களுக்கிடையே உறவைக் கட்டாயமாக்கினால், புதிய டேட்டாபேஸ் இவற்றை ஏற்காது. அதற்காக பில்களை அழித்துவிடாதீர்கள். விற்பனை மொத்தம் மாறிவிடும். "பழைய வாடிக்கையாளர்" என்று ஒரு பெயரை உருவாக்கி அவற்றை அதில் சேருங்கள்.

தமிழில் பெயர் வைத்திருந்தால்

நம்மவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 2004-ல் சரக்குப் பெயர்களைத் தமிழில் டைப் செய்தவர் பழைய வகை எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார். சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாப், டாம் என்ற எழுத்துரு முறைகள் தரமாக்கப்பட்டன. இவை தவிர வேறு பல முறைகளும் புழக்கத்தில் இருந்தன. இவற்றில் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது தமிழ் எழுத்தை அல்ல. ஆங்கிலம் மற்றும் ஐரோப்பிய மொழிக் குறிகளுக்கு உரிய எண்களை. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் "துவரம் பருப்பு" வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

இன்று உலகம் முழுவதும் பயன்படுவது யுனிகோட். தமிழக அரசும் 2010-ல் இதனைத் தரமாக அறிவித்தது. பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சரக்குப் பெயர் டேபிளைத் தனியே எடுத்து, மாற்றி, கண்ணால் படித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். மரியாடிபியில் டேட்டாபேஸ் உருவாக்கும்போது எழுத்து முறை யுடிஎப்8எம்பி4 என்று இருக்கட்டும்.

பீல்டின் நீளத்தையும் கூட்ட வேண்டும். "கு" என்ற எழுத்து பழைய எழுத்துருவில் ஒரே இடம் பிடித்தது. யுனிகோடில் க ஒன்று, உகரக் குறி ஒன்று என 2 இடம். 20 இடம் விட்ட பீல்டில் பழைய பெயர் கொள்ளாமல் போகலாம். மரியாடிபியின் பழைய பதிப்புகள் வழக்கமான அமைப்பில் நீளமான பெயரை வெட்டிவிட்டு ஏற்றுக்கொண்டன. 2017-ல் வந்த 10.2 வரிசையிலிருந்து, அப்படி வெட்டாமல் பிழைச் செய்தி தருகின்றன. இந்தக் கண்டிப்பு நமக்கு நல்லதுதான்.

மாற்றும் வழி, படிப்படியாக

முதல் படி, பேக் அப். பழைய டேட்டாபேஸ் பைலை அப்படியே காப்பி செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். சோதனைகள் எல்லாம் காப்பியில்தான். மூலப் பைலில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, பட்டியல். எத்தனை டேபிள், எத்தனை குவெரி, என்னென்ன ரிப்போர்ட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இவற்றில் எது தினமும் தேவை, எது ஆண்டுக்கு ஒரு முறை தேவை என்று குறியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஓடும் ரிப்போர்ட்தான் மார்ச் மாதம் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

மூன்றாவது, விடைத்தாள். இதுதான் மிக முக்கியம். மாற்றத் தொடங்கும் முன்பே, பழைய புரோகிராமிலிருந்து சில பதில்களை பிரிண்ட் எடுத்து வையுங்கள். நான் எடுத்தவை ஐந்து: கடந்த 12 மாதங்களின் மாத வாரி விற்பனைத் தொகை, ஒவ்வொரு வாடிக்கையாளரின் பாக்கி, ஒவ்வொரு சரக்கின் இருப்பு, வரி விகித வாரியாக வரித் தொகை, கடைசி பில் எண்.

நான்காவது, டேட்டாவை மாற்றுதல். அக்சஸில் ஒரு டேபிளைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்டர்னல் டேட்டா பகுதியில் எக்ஸ்போர்ட் பிரிவில் உள்ள டெக்ஸ்ட் பைலை கிளிக் செய்திடுங்கள். அடுத்து வரும் விண்டோக்களில் காற்புள்ளியால் பிரிக்கும் வகையையும், அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி யுடிஎப்-8 எழுத்து முறையையும் தேர்ந்தெடுங்கள். இந்தப் பைலை பிஎச்பி மைஅட்மின் திரையில் இம்போர்ட் பகுதிக்குச் சென்று ஏற்றலாம். பைல் மிகப் பெரிதாக இருந்தால் ஏற்க மறுக்கும். ஆண்டு வாரியாகப் பிரித்துக் கொடுங்கள். வாடிக்கையாளர், சரக்கு டேபிள்களை முதலில் ஏற்றிவிட்டு, பில்களைப் பிறகு ஏற்றுங்கள். உறவு கட்டாயமாக்கப்பட்டிருந்தால், இல்லாத வாடிக்கையாளருக்கு பில் போட முடியாது அல்லவா?

ஐந்தாவது, ஒப்பிடுதல். விடைத்தாளில் உள்ள ஐந்து கேள்விகளையும் புதிய புரோகிராமிடம் கேளுங்கள். இரண்டு பதில்களையும் எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். எல்லா வரியிலும் 0 வர வேண்டும். 1 ரூபாய்தானே என்று விடாதீர்கள். அந்த 1 ரூபாய்க்கு ஒரு காரணம் இருக்கும். அதே காரணம் வேறோர் இடத்தில் 1,000 ரூபாயாக நிற்கும்.

ஆறாவது, இரண்டையும் ஓட்டுதல். சில வாரங்கள் பழையது, புதியது இரண்டிலும் பில் போடுங்கள். இரட்டை வேலைதான், கடைப் பையன்கள் முணுமுணுப்பார்கள். நாங்கள் மார்ச் மாதம் முழுவதும் அப்படி ஓட்டினோம். ரவுண்ட் கட்டளையின் 1 ரூபாய் வித்தியாசம் அப்போதுதான் பிடிபட்டது.

ஏழாவது, நாள் குறித்தல். கடை விடுமுறை நாளாகவும், முடிந்தால் கணக்காண்டின் தொடக்கமாகவும் இருந்தால் நல்லது. எங்களுக்கு 2018 ஏப்ரல் 1 ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்தது. அன்றைய நிலவரத்தை மறுபடி ஏற்றி, மறுபடி ஒப்பிட்டு, பிறகே பழையதை நிறுத்தினோம்.

நிறுத்தினோம் என்றால் அழித்தோம் என்று பொருள் அல்ல. பழைய பைல் இன்றும் ஒரு சிடியிலும் ஒரு பென் டிரைவிலும் இருக்கிறது. இன்னொன்று: சாம்ப் தொகுப்பை நிறுவியவுடன் ரூட் என்ற தலைமைப் பயனருக்கு பாஸ்வேர்ட் இருக்காது. கடைக் கணக்கை வைக்கும் முன் மறக்காமல் பாஸ்வேர்ட் கொடுத்துவிடுங்கள். தினமும் இரவு பேக் அப் எடுப்பதையும் பழக்கமாக்குங்கள்.

பெரிய இடத்திலும் இதே கதை

எங்கள் மளிகைக் கடையில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் மாறிய அதே 2018 ஏப்ரல் மாதம், பிரிட்டனில் உள்ள டி.எஸ்.பி. வங்கி சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய கம்ப்யூட்டர் அமைப்புக்கு மாற்றியது. டேட்டா ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய அமைப்பு தடுமாறியது. ஒரு கட்டத்தில் 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். எல்லாம் பழைய நிலைக்கு வர டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்புகள் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன.

நல்ல உதாரணமும் உண்டு. அமேசான் நிறுவனம் தன் உள் பயன்பாட்டில் இருந்த ஏறத்தாழ 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களைத் தன் சொந்த டேட்டாபேஸ் சேவைகளுக்கு மாற்றி முடித்ததாக 2019 அக்டோபரில் அறிவித்தது. இதை அவர்கள் ஒரு வார இறுதியில் செய்யவில்லை. ஒவ்வொரு சேவையாகப் பிரித்துக்கொண்டு, பல ஆண்டுகளில் செய்தார்கள்.

உங்களுக்கு இதில் என்ன பயன்?

"என்னிடம் கடை இல்லையே" என்கிறீர்களா? வீட்டுச் செலவுக் கணக்கை ஒரு சாப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். சங்கத்தின் உறுப்பினர் சந்தா விவரத்தை எக்செல்லிலிருந்து அக்சஸுக்குக் கொண்டுபோகலாம். விதி ஒன்றுதான். எத்தனை வரி வந்தது என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். பழையதிடம் கேட்ட கேள்வியைப் புதியதிடமும் கேளுங்கள். அதே பதில் வந்தால்தான் மாற்றம் முடிந்தது என்று பொருள்.

மாமா கம்ப்யூட்டரைக் குறை சொல்லவில்லை, என்னையும் திட்டவில்லை. ஏப்ரல் முதல் வாரம் புதிய புரோகிராமில் எடுத்த முதல் பாக்கி லிஸ்ட்டை என் கையில் கொடுத்து, "மாப்ளே, இந்த வாரம் லைனுக்கு நீயே போயிட்டு வா" என்றார்.

போனேன். அந்த அம்மாவின் பெட்டிக்கடை வந்தபோது லிஸ்ட்டை இரண்டு முறை பார்த்தேன். அவர் பெயருக்கு எதிரே 1,240 ரூபாய் என்று இருந்தது. தயங்கித்தான் சொன்னேன். அவர் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஆமா தம்பி, சரியா இருக்கு" என்று சொல்லி, பணத்தை எண்ணிக் கொடுத்தார்.